கூட யாரு வந்திருக்கா?

கடலூர் மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும், வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, முதுநகர் மீன் மார்க்கெட்டில் என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி இருக்கிறது. வாசலில் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?"

ஹெர்னியாவில் குடல் சிக்கிவிட்டது, ரத்த ஓட்டம் நின்றுவிடும், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். சொன்னது என்னிடம். அம்மா மூன்றடி தள்ளி ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். வலிதான், ஆனால் நினைவு தப்பவில்லை. ஐஸ் பெட்டியில் கிடக்கும் சங்கராவை எடுத்து வைக்கச் சொல்லி பக்கத்துக் கடை அக்காவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நேராகச் சொன்னது ஒன்றுதான்: "மூக்குத்தியைக் கழட்டும்மா."

சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். ஆபரேஷன் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். அம்மாவும் போட வேண்டாமா என்று கேட்டதும் ஊழியர் மைப்பெட்டியை எடுத்து வந்தார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்யா" என்றார் அம்மா.

அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். அந்தப் படிவத்தை நிரப்பி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப் பத்து நிமிஷம் ஆனது. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது. விவரம் தெரிந்த வயது வந்தவரின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் செய்யலாம் என்றால், காத்திருந்தால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற நிலை இருக்க வேண்டும். அம்மா விஷயத்தில் ஆபத்து இருந்தது, சரி. ஆனால் கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவர் இருந்தாரே!

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். புதுச்சேரி சாலையில் பைக்கோடு விழுந்து, நினைவில்லாமல், சொந்தக்காரர் யாரும் இல்லாமல் 108-இல் வந்து இறங்குகிறவனிடமும் அதே கேள்விதான். அவனுக்கு அது தேவையே இல்லை. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவர் சார்பில் சொல்ல வேண்டியவரைத் தேட நேரமும் இல்லாதபோது, நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்வது குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 30. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைப் பார் என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கேட்க வேண்டியவரிடம் கேட்பதில்லை, கேட்கத் தேவையில்லாதபோது கையெழுத்துக்கு ஆள் தேடுகிறோம்.

உங்கள் பயமும் புரிகிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் சண்டைக்கு வரப்போவது மகனும் மச்சானும்தான், நோயாளி வரப்போவதில்லை. கண்ணாடியை உடைத்த கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் உறவினர்களிடமும் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஸ்ட்ரெச்சரில் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். காலி இடத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுங்கள். நினைவில்லாதவருக்கு ஏன் காத்திருக்க முடியவில்லை என்று கேஸ் ஷீட்டில் இரண்டு டாக்டர்கள் எழுதிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

குடலில் கொஞ்சம் வெட்டி எடுத்தது அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிந்தது. ஆட்டோவில் வரும்போது, "எவ்வளவு நீளம்டா எடுத்தாங்க?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டவன் நான். எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
முதுநகர் மீன்காரம்மா மகன்