டைல்ஸ் கடையில் கண்ட அக்கறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் அருகே உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் ஆசாரத்துக்கும் (கூடம்) குளியலறைக்கும் தரைக்கல் வாங்குவதற்காகச் சென்ற மாதம் ஈரோட்டுக் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அதற்கு முன் நான் ஏறிய வேறொரு கடையில் விலையைச் சொன்னதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

இங்கிருந்த பெண் பணியாளரோ முதலில் அளவைக் கேட்டார். ஆசாரம் 12 அடிக்கு 18 அடி என்றதும், 15 பெட்டி போதும் என்று நான் போட்டிருந்த கணக்கைத் திருத்தினார். இரண்டடிக் கல் என்று நாம் சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர்தான் என்பதால், நான்கு கல் கொண்ட பெட்டி 16 சதுர அடிக்குப் பதிலாக ஏறத்தாழ 15.5 சதுர அடிக்கே வரும் என்றும், வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 16 பெட்டி வேண்டும் என்றும் தாளில் எழுதிக் காட்டினார். பிறகு வாங்கும் கல்லில் நிறம் சற்று மாறக்கூடும் என்பதால், எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரானவை என்பதைக் காட்டும் எண்) இருப்பதைப் பார்த்த பின்பே வண்டியில் ஏற்றச் சொன்னார்.

என் தாயாருக்கு 74 வயது என்று அறிந்ததும், குளியலறைக்கு நான் எடுத்து வைத்திருந்த பளபளப்பான கல்லை விடுத்து, அதைவிட விலை குறைந்த, வழுக்காத சொரசொரப்புக் கல்லையே வாங்க வைத்தார். கடைக்கு வரவு குறையும் என்று அவர் எண்ணவில்லை. அதுதான் என் மனத்தைத் தொட்டது. விட்ரிஃபைடு கல் (மிகுந்த சூட்டில் சுட்டு இறுக்கமாக்கிய தரைக்கல்) நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், வெறும் சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, அதற்குரிய பசை வேண்டும் என்பதையும் எங்கள் கொத்தனாருக்குத் தொலைபேசியிலேயே விளக்கினார்.

இத்தகைய அளவுக் கணக்கையும் பேட்ச் எண்ணையும் ரசீதிலேயே எழுதித் தரும் வழக்கத்தை நம் பகுதிக் கடைக்காரர்கள் அனைவரும் மேற்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோபிசெட்டிபாளையம்