பந்தல் துணியை எப்போது இறக்குவது?

பெங்களூரு அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பகுதிக் கோயில் திருவிழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டே வளர்ந்ததால், ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் பந்தல் கட்டும் எங்களிடம் கூடுதல் கயிறு கேட்கிறீர்கள். சித்திரையில் அசந்துவிடுகிறீர்கள். இந்த ஊரில் பந்தலைச் சாய்ப்பது பெரும்பாலும் கோடைக்காற்றுதான். ஆடியில் மேற்கிலிருந்து நாள் முழுக்கச் சீராக வீசும்; கயிறு மெல்லத் தளரும்; காலையும் மாலையும் இழுத்துக் கட்டினால் பந்தல் நிற்கும். கோடை இடிமழைக் காற்று அப்படியில்லை. பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலம் இலை அசையாது, பிறகு திடீரென்று ஒரு வீச்சு. எந்தத் திசையிலிருந்தும் வரும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவுவதால், அது மழையை முந்திக்கொண்டு வரும். "தூறல் விழட்டும், அப்புறம் இறக்கலாம்" என்று காத்திருந்தால் துணி கையில் நிற்காது. 2025 மார்ச்சில் ஆனேகல் பக்கம் ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவில் நூறடிக்கும் உயரமான தேர் காற்றிலும் மழையிலும் சாய்ந்து உயிர் போனது. பங்குனியிலேயே விழிப்பு வேண்டும்.

செல்போனில் "காற்று 15 கி.மீ." என்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்துக்கான சராசரி. பந்தலைப் பிடுங்குவது நடுநடுவே வரும் வீச்சு. ஆப்பில் 'கஸ்ட்' என்று தனி வரியாக இருக்கும், அதைப் பாருங்கள். 'நாட்' கணக்கில் இருந்தால் 1.85 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். இடிமேகம் எந்த ஏரியாவில் இறங்கும் என்று காலை அறிவிப்பில் தெரியாது. இந்திய வானிலைத் துறை அடுத்த 3 மணி நேரத்துக்கு வெளியிடும் நவ்காஸ்டைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் மாவட்டம் முழுமைக்கும் பொதுவானது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குறுகிப் பாயும் உங்கள் சந்தின் காற்று அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தூசியும் காகிதமும் பறந்தால் 20 கி.மீ. தாண்டிவிட்டது. பெரிய கிளைகள் ஆடி, கம்பிகள் விசிலடித்தால் 40.

வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். 10க்கு 20 அடி ஃப்ளெக்ஸை 30 கி.மீ. காற்று நேராக அடித்தால் சுமார் 80 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். 60 கி.மீ. என்றால் 300 கிலோவுக்கு மேல். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது என்பதற்காகக் காலுக்கு ஒரு மணல் மூட்டை வைப்பது இதற்குக் காணாது. 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தால் 200 கிலோ. ஆனால் டிரம்மை வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் ஆபத்து. நிரம்பும்வரை துணி ஏற்றச் சொல்லாதீர்கள். ஃப்ளெக்ஸில் நாலு இடத்தில் கீறிவிட்டால் போதும் என்பதும் தப்பு. பரப்பைக் குறைத்தால்தான் சுமை குறையும். மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் கயிறு கட்டவே வேண்டாம். காற்றில் கிளை ஆடும்போது பந்தலையும் சேர்த்து இழுக்கும். நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால் மழை விட்டதும் எல்லா முடிச்சையும் மறுபடி பார்க்க வேண்டும். தொய்ந்த துணியில் ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 100 கிலோ. கழியால் மெதுவாக, ஓரத்திலிருந்து தள்ளி வடிக்கச் சொல்லுங்கள். நடுவில் குத்தினால் துணி கிழிந்து மொத்தமும் கீழே இருப்பவர் தலையில் கொட்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். துணியை இறக்கச் சொல்லும் அதிகாரத்தை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். அவர் பெயரை புக்கிங் சீட்டிலேயே எழுதுங்கள். கன்னட அறிவிப்பும் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. மதியம் 2 மணியிலிருந்து அவர் நவ்காஸ்டைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். காற்று 40 கி.மீ. என்று வந்தால் முதலில் ஃப்ளெக்ஸும் கட்அவுட்டும், அடுத்து சாமியானா, பிறகு ஸ்பீக்கர் அடுக்கு இறங்க வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத்தான் சீரியல் லைட்டைத் தொட வேண்டும். மேடையில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. துணி இறக்கிய நேரத்துக்கு வாடகையைப் பிடிக்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் பல ஆட்கள் வானத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
பந்தல், ஒலி ஒளி அமைப்புத் தொழிலாளர்கள்
அல்சூர், பெங்களூரு