ஒரு மழைக்காலம்கூடத் தாங்காத முதுகுப்பை: தயாரிப்பு நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
முதுகுப்பை தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: முதுகுப்பையின் தோள்வார் பிய்ந்தது, மழைநீர் புகுந்தது, உள்பூச்சு உரிந்தது தொடர்பாகப் பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் 4,799 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 30 லிட்டர் முதுகுப்பை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. இதுபற்றி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. வழக்கமான தேய்மானம், ஈரமான இடத்தில் வைத்திருந்தது என்று அதில் இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். வெளித்துணி இன்னும் புதிதாகவே இருக்கிறது. அதில் ஓர் இழைகூடத் தேயவில்லை. பையைத் தைத்த விதமும் வடிவமைத்த விதமும்தான் என்னைக் கைவிட்டன.

வேலைக்கும் பயணத்துக்கும் ஒரே பை, எந்த வானிலையையும் தாங்கும் என்று விளம்பரம் செய்கிறீர்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஒரு பைதான். வீடு செங்கோட்டையில், வேலை புனலூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலில் கேரள எல்லையைக் கடந்து, ஆரியங்காவு, தென்மலை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலைக்கு இந்தப் பக்கம் காற்றோடு சாரல், அந்தப் பக்கம் கொட்டும் மழை. பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டாலும் ஓரமாகத் தண்ணீர் வழியும். பையில் மடிக்கணினி, சார்ஜர், கணக்குப் புத்தகங்கள், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் இருக்கும். கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ ஓர் இரவு தங்க நேர்ந்தால் மாற்றுடையும் அதிலேயே சேரும். இது அளவு மீறிய சுமை அல்ல. இந்தப் பாதையில் வேலைக்குப் போகிற எவரும் சுமப்பதுதான்.

முதலில் போனது வலது தோள்வார். கூட்டமான பஸ்ஸில் பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏற முடியும். ஏறிய பிறகும் அதே வாரைப் பிடித்துத்தான் பையை முன்பக்கம் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தபோது வார் மேல்முனையோடு கையில் வந்துவிட்டது. தென்காசியில் பையும் பெட்டியும் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் லைனிங்கைப் பிரித்துக் காட்டினார். வாரின் முனை இரண்டு துணிகளுக்கு நடுவே செருகப்பட்டு ஒற்றைத் தையலில் நின்றிருந்தது. தையலுக்கு அப்பால் விட்டிருந்த துணி அரை சென்டிமீட்டர்கூட இல்லை. தையல் நூல் அறுபடவும் இல்லை. விளிம்புத் துணிதான் இழை இழையாகப் பிரிந்து தையலிலிருந்து நழுவியிருந்தது. இந்த இடத்தில் நாடாவை உள்ளே நீளமாக விட்டு, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். இல்லையென்றால் முன்னும் பின்னும் நெருக்கமாக ஓடும் பார்டேக் தையலாவது வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையைக்கூட அவர் அப்படித்தான் தைத்துக் கொடுக்கிறார். முழுச் சுமையும் தொங்குகிற ஒரே இடத்தில் இந்தச் சிறு வேலையை நீங்கள் ஏன் செய்யவில்லை என்பதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் 900 டெனியர் பாலியெஸ்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும், அவ்வளவுதான். தையலைப் பற்றியோ ஜிப்பைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. நடுத்துணி கிழிந்து வீணாகும் பை அபூர்வம்; விளிம்பிலும் மூலையிலும் ஜிப்பிலும்தான் பைகள் வீணாகின்றன. அங்கே மிச்சம் பிடித்துவிட்டுத் துணியின் தடிமனைக் காட்டி விற்பது நியாயமில்லை.

அடுத்தது மழை. பெரிய அறையின் ஜிப் பையின் உச்சியில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதன் மேல் மடிந்து மூடும் துணி இல்லை. சாதாரணச் சுருள் பல் ஜிப், அதுவும் 5-ஆம் எண்; எண் கூடினால் ஜிப்பின் பல்வரிசை அகலமாகும். இவ்வளவு பெரிய வாய்க்கு 8 அல்லது 10-ஆம் எண் வைத்திருந்தால் பையை நிறைத்து இழுக்கும்போது ரன்னர் திணறாது. துணியின் உள்பக்கம் பூச்சு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஊசி இறங்கிய துளைகள் திறந்தே இருக்கின்றன. அவற்றை அடைக்கும் ஒட்டுநாடா எங்குமே இல்லை. புனலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் ஒரு வியாபாரியின் பேரேடு நனைந்து மை பரவிவிட்டது. அது என் பொருள் அல்ல, என்னை நம்பிக் கொடுத்தது. ஜிப்பின் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பும், பையின் அடியில் மடித்து வைக்கும் மழை உறையும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

உள்பூச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் உள்பக்கம் பிசுபிசுத்து, கறுப்புச் செதில்களாக உரிந்து காகிதங்களில் ஒட்டத் தொடங்கியது. ஈரமான இடத்தில் வைத்தேன் என்கிறீர்கள். பை இருந்தது வீட்டின் கொடியிலும் அலுவலக நாற்காலியிலும்தான். இப்படித் துணியின் உள்ளே பூசும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நீரால் சிதைவது துணித்துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். அதிலும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேன் சீக்கிரம் கெடும், பாலியீதர் வகை கூடுதல் நாள் தாங்கும். கேரளத்திலும் அதன் எல்லையிலும் காற்றே ஈரம்தான். இங்கே பையை ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்வது, மீனவரிடம் வலையைத் தண்ணீரில் நனைக்காதே என்று சொல்வதற்குச் சமம். எங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை வாங்கிக்கொண்டுதானே பையை அனுப்பினீர்கள்? எங்கள் காற்றைத் தாங்கும் பூச்சைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு.

மடிக்கணினி அறை பையின் அடித்துணி வரை இறங்குகிறது. பையைத் தரையில் வைத்தாலே கணினியின் விளிம்பு நேராக மோதுகிறது. அறையின் அடியை இரண்டு விரல் உயர்த்தித் தைத்தால் போதும். பக்கவாட்டுப் பாட்டில் பைக்குத் தனித்துணி இல்லாததால், உள்ளே சாமான் நிறைந்தால் பாட்டில் நுழைவதே இல்லை. தோள்வாரை முழுதாக இழுத்துச் சுருக்கினாலும், ஐந்தடிக்குச் சற்றே மேலான எனக்குப் பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. வேலைக்குப் போகும் பெண்களில் என் உயரத்தில் இருப்பவர்கள் ஏராளம். வெறும் பையின் எடையே 1.8 கிலோ. உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி என்னும்போது, பயணத்துக்கு என்று விற்கும் பை அதில் கால் பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது.

எனவே நான் கேட்பவை இவை. முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்; பையை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பை வேண்டாம், அதுவும் இதே தையலில்தான் வரும். எந்த வானிலையையும் தாங்கும் என்ற வாசகத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்குங்கள், அல்லது அதற்கேற்ற பையைத் தயாரியுங்கள். தோள்வார் தையலை மாற்றுவதாக எழுத்தில் உறுதி தாருங்கள். அந்த வார் என் கையில் பிய்ந்தது பஸ்ஸுக்குள். இருசக்கர வண்டியில் போகும் ஒருவருக்கு அது நடுச்சாலையில் பிய்ந்தால் விளைவு வேறு.

மின்வணிகம் தொடர்பான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். முதல் புகாரில் அது நடக்கவில்லை. இந்த முறையும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நான் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பிரித்த தையலின் படங்கள், உரிந்த பூச்சின் படங்கள், உங்கள் பதில் மின்னஞ்சலின் நகல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செங்கோட்டை.