கயலுக்கு, ஆனோடு பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வேதியியல் சொற்பட்டியலைப் படித்தேன். 'ஆனோடு' என்பதற்கு எதிரே 'நேர்மின்வாய்' என்று மட்டும் போட்டிருக்கிறாய். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கே ஒரு சிக்கல் உண்டு. 'ஆனோடு' என்ற சொல்லைச் செய்தவரைத் தெரிந்துகொண்டால் அது உனக்கே பிடிபடும்.

அவர் பெயர் வில்லியம் ஹியூவெல். 1794இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து 1816 கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். அந்தக் காலத்தில் அங்கே ஃபெலோவாக, அதாவது கல்லூரியின் ஆசிரிய உறுப்பினராக நீடிக்க, குறித்த ஆண்டுகளுக்குள் குருப்பட்டம் பெற வேண்டியிருந்தது. கல்யாணமும் செய்துகொள்ள முடியாது. 1826இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பாதிரியார் ஆனார். கனிமவியலுக்கும் பிறகு அறவியலுக்கும் பேராசிரியராக இருந்தார். 1841இல் கல்லூரித் தலைவரானார். டிரினிட்டியில் அந்த நியமனம் அரசரின் பெயரால் நடக்கும். தலைவருக்குக் கல்யாணத் தடை இருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்குத் திருமணமும் ஆயிற்று. 1866இல் குதிரையிலிருந்து விழுந்து இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1834இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மின்பகுப்பு, அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பொருளைப் பிரிப்பது பற்றி எழுதும்போது, கரைசலில் அமிழும் இரண்டு முனைகளுக்கும் பெயர் தேடினார். 'துருவம்' என்றால் அது துகளை இழுக்கிறது என்று பொருள்படும். அந்தக் கருத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 'உள்வழி', 'வெளிவழி' என்ற பொருளில் கிரேக்கச் சொற்களை யோசித்து ஹியூவெலுக்கு எழுதினார். ஹியூவெல் அவற்றை மாற்றி, ஆனோடு, கேத்தோடு என்றார். முதலாவது ஏறும் வழி, அடுத்தது இறங்கும் வழி. சூரியன் எழும் கிழக்கும் விழும் மேற்கும் மனதில் வைத்த பெயர்கள். மின்னூட்டமுள்ள துகளுக்கு, செல்வது என்ற பொருளில் 'அயனி' (ion) என்ற பெயரும் அவர் தந்ததுதான். மின்சாரம் என்றால் என்ன என்ற கொள்கை நாளைக்கு மாறினாலும் இந்தப் பெயர்கள் பொய்யாகாது.

நம் 'நேர்மின்வாய்' பொய்யாகிவிடுகிறது, கயல். மின்பகுப்பில் ஆனோடு நேர்மின் முனை, சரி. டேனியல் மின்கலத்தை எடு. அதில் ஆனோடு துத்தநாகத் தகடு, அதன் குறி எதிர். 'நேர்மின்வாய் எதிர்மின்னூட்டம் உடையது' என்று எழுத நேர்ந்தால் படிக்கிற பிள்ளை குழம்பத்தானே செய்யும்?

பெயரில் ஹியூவெல் இவ்வளவு கறாராக இருந்ததற்கு அவருடைய ஓத ஆராய்ச்சியும் (கடல்நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம்) ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒரே நேரத்தில் ஓதம் உச்சம் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்து, 1833இல் உலகக் கடல்களுக்கு ஒரு வரைபடம் போட்டார். கிடைத்த தகவல்கள் தாறுமாறாக இருந்தன. 'இந்தத் துறையில் ஓதம் இத்தனை மணிக்கு' என்று ஒரு மாலுமி எழுதினால் அது நீர்மட்டம் உச்சம் தொடும் நேரமா, நீரோட்டம் திசை திரும்பும் நேரமா? திறந்த கடலில் இரண்டுக்கும் 3 மணி நேரம்வரை வேறுபாடு வரும். அமாவாசை, பௌர்ணமி நாளின் நேரத்தைத் துறைக்குரிய எண்ணாகச் சொல்வது வழக்கம். அதையும் இரண்டாகப் பிரித்தார்: அந்த நாளின் நேரம் வழக்கு மதிப்பு, நிலா உச்சியைக் கடந்ததிலிருந்து ஓதம் உச்சம் தொடும்வரை ஆகும் நேரத்தின் எல்லா நாள் சராசரி திருத்திய மதிப்பு. உச்ச நேரத்தைக் குறிப்பதும் லேசில்லை. உச்சத்தில் தண்ணீர் சில நிமிடம் அசையாததுபோல நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே குறியைத் தொடும் இரு நேரங்களை எழுதி நடுவை எடுப்பது நம்பகமானது. 1835 ஜூனில் 9 நாடுகளில் 650க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே காலத்தில் அளக்க ஏற்பாடு செய்தார். அதை வைத்து, வட கடலில் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட்டுக்கும் ஹாலந்துக்கும் நடுவே நீர் ஏறி இறங்காத ஒரு புள்ளி இருக்க வேண்டும் என்றார். 1840இல் கப்பல் தலைவர் ஹெவெட் அங்கே ஆழம் பார்த்தார். ஏற்றவற்றம் மிகக் குறைவாகவே இருந்தது. அதே ஆண்டு நவம்பர்ப் புயலில் அவரும் கப்பலோடு மூழ்கிப்போனார்.

'சயன்டிஸ்ட்' என்ற சொல்லும் ஹியூவெல் செய்ததுதான். 1834இல் அச்சில் வந்தும் பல அறிஞர்கள் நெடுநாள் அதை ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தை விசாரிக்க 1850இல் அரசு ஆணையம் வந்தபோது அவர் எதிர்த்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலுக்குத் தனிப் பட்டத்தேர்வு வர முன்னின்றவரும் அவர்தான்.

உன் பட்டியலில் 'ஆனோடு' என்பதை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிடு. பக்கத்தில் 'ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரான் இழப்பு) நடக்கும் முனை' என்று எழுது. அதன் கீழே 'மின்பகுப்பில் +, மின்கலத்தில் −' என்று ஒரு வரி. கேத்தோடுக்கு 'ஒடுக்கம் (எலக்ட்ரான் ஏற்பு) நடக்கும் முனை', குறிகள் இதற்கு நேர்மாறாக. நேர்மின்வாய் என்பதைப் பழைய வழக்கு என்று கடைசியில் குறித்தால் போதும்.

அன்புடன்,
அப்பா