எங்கள் தெருக் காற்றை ராத்திரியிலும் அளக்கக் கோரி மனு

அனுப்புநர்: தெருவாசிகள், எர்ணாவூர், சென்னை.
பெறுநர்: உயர்திரு சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்.
பொருள்: 24 மணி நேரத் தூசி மாதிரி எடுத்து ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: ஏற்கெனவே கொடுத்த 3 மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எர்ணாவூர் தங்களுக்குப் புதிதல்ல. கண்டெய்னர் லாரி வரிசைக்குள் தங்கள் ஜீப்பும் மாட்டியிருக்கும்.

1. சென்ற முறை ஊழியர்கள் கருவியோடு வந்தார்கள், நன்றி. மதியம் 12 மணிக்கு மாடியில் வைத்து 4 மணிக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது கடல்காற்று நேரம். எங்களுக்கு மேற்கே இருக்கும் மணலி ஆலைப் பக்கத்துப் புகையை அது இன்னும் மேற்கே தள்ளிவிடும். எங்களுக்கே அப்போது மூச்சு நன்றாகத்தான் வருகிறது.

2. பிஎம் 10-க்கு (10 மைக்ரான் வரையுள்ள தூசி) கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்தூசி) 60 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 4 மணி நேரம் அளந்துவிட்டு 'வரம்புக்குள் இருக்கிறது' என்று எப்படிச் சொன்னார்கள்?

3. நள்ளிரவுக்கு மேல் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிடும். சில ராத்திரி அசையவே அசையாது. இதை எழுதும் என் பேரனுக்கு 6 வயது. ஒரு மணி வாக்கில் இழுப்பு வந்துவிடும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டான். நெபுலைசர் வைத்தால் கொஞ்சம் அடங்கும், அதுவும் கரண்ட் இருந்தால். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். இடுக்கெல்லாம் பழைய வேட்டியை நனைத்துச் செருகுகிறோம். காலையில் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வடிகிறது. ராத்திரியில் தங்கள் ஆட்கள் கருவியில் வைக்காத, தூசி பிடிக்கும் ஃபில்டர் தாள் அந்த வேட்டிதான் ஐயா! வேண்டுமானால் அதையே மடித்து அனுப்பிவைக்கவா?

4. இது என்ன தூசி என்று கேட்டால் தங்கள் ஆட்கள் 'ரோட்டு மண்' என்கிறார்கள். சரி, மண்ணாகவே இருக்கட்டும், நிரூபியுங்கள். ஃபில்டர் தாளை எடை போட்டால் எவ்வளவு தூசி என்றுதான் தெரியும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஈயம், நிக்கல், ஆர்சனிக்குக்கு தேசியக் காற்றுத் தரம் பற்றிய 2009 அறிவிக்கையிலேயே வரம்பு இருக்கிறது. அவற்றோடு கார்பனையும் பாருங்கள். டீசல் புகையா, சாம்பலா, மண்ணா என்று ஓரளவாவது பிடிபடும்.

5. மூன்று மனுவுக்கும் பதில் இல்லை. ரசீது மட்டும் இருக்கிறது.

ஐயா, மாடி தருகிறோம், கரண்ட் தருகிறோம். கருவிக்குக் காவலாக ராத்திரி முழுக்க ஆள் உட்காருகிறோம், எப்படியும் விழித்துத்தானே இருக்கிறோம். முழுசாக 24 மணி நேரம், அதுவும் ஒரு நாளோடு நிறுத்தாமல் வாரம் இரண்டு நாளாவது அளந்து, ஆய்வு முடிவை எழுத்தில் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். ராத்திரியில் வாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தெருவாசிகள்