கயத்தாறு காற்றாலையில் இருக்கும் மகளுக்கு

காட்பாடி
மார்ச் 2

அன்புள்ள கண்ணு,

"இப்போ காத்தே இல்லப்பா, மெஷின் எல்லாம் சும்மா நிக்குது" என்று போனில் சலித்துக்கொண்டாய். உனக்கு வேலை இருப்பதே இப்போதுதான். மே கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை மெஷினை நிறுத்த யாருக்கும் மனசு வராது. நம்ம வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, அப்படிக் காற்றைக் குவித்துத் தள்ளும் கணவாய்தான் இல்லை.

கணக்கைப் பார். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. இறக்கைகள் சுற்றும் ரோட்டார் 110 மீட்டர் குறுக்களவுள்ள 2 மெகாவாட் மெஷின், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 300 கிலோவாட்டைத் தொடுவதே பெரிது. 10 மீட்டரில் ஏறக்குறைய முழு 2 மெகாவாட். ஜூனில் ஒரு மணி நேரம் நின்றால், மார்ச்சில் ஆறேழு மணி நேரம் நின்றதற்குச் சமம்.

அதனால் காற்று வருமுன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடு. முதலில், இறக்கைகள் பொருத்தியிருக்கும் ஹப்புக்குள் இருக்கும் பிட்ச் பேட்டரியைப் பார். கிரிட் கரண்ட் போன நொடியில் ஜெனரேட்டரின் பிடி விட்டுப்போகும், ரோட்டார் வேகமெடுக்கும். இறக்கைகளை 90 டிகிரிக்குத் திருப்பி நிறுத்துவது அந்தப் பேட்டரிதான். மூன்று இறக்கைக்கும் தனித்தனி. ஒவ்வொன்றையும் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நொடி ஆகிறது, ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள். சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் செத்த பேட்டரியும் நல்ல வோல்டேஜ்தான் காட்டும். ஹப்புக்குள் இருக்கும் சூட்டில் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது ஜெனரேட்டரின் ஸ்லிப் ரிங், அதாவது சுற்றும் பாகத்துக்கும் கார்பன் பிரஷுக்கும் இடையே கரண்ட் கடத்தும் வளையம். கார்பன் பிரஷ் தேய்ந்த கரித்தூள் இன்சுலேஷன் மேல் படிந்தால், காற்றில் ஈரம் ஏறியதும் அதன் வழியே கரண்ட் பாய்ந்து கருகும். வாக்குவம் போட்டு எடு; ஊதினால் தூள் உள்ளேதான் போகும். கியர்பாக்ஸ் ரோட்டாரின் நிமிடத்துக்கு 15 சுற்றை 1500 ஆக்குகிறது. வேகமாகச் சுற்றும் கடைசி ஷாஃப்ட் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் சத்தம் போடும். ஆயில் சாம்பிளில் இரும்பு முந்தைய ரிப்போர்ட்டைவிட ஏறியிருக்கிறதா என்று பார், ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போல்ட்டுக்கும் அது இறங்கும் ஃபிளாஞ்சுத் தட்டுக்கும் குறுக்கே போட்ட பெயிண்ட் கோடு விலகியிருந்தால், அந்த ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டு வராதே, பக்கத்திலிருப்பவற்றின் முறுக்கு இறுக்கத்தையும் (டார்க்) பார்.

அலாரமே அடிக்காத கோளாறு ஒன்று உண்டு. கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூண்டான நாசெல் மேலே, காற்றின் திசை காட்டும் வேன் கருவி சற்றே திரும்பியிருந்தால், மெஷின் காற்றுக்குக் கோணலாகவே நின்று ஓடும். பத்து டிகிரிக்கு நூற்றுக்கு மூன்று நான்கு யூனிட் போய்விடும். ஸ்கிரீனில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். அதே காற்றில் பக்கத்து மெஷின் எவ்வளவு தருகிறது என்று ஒப்பிட்டால்தான் தெரியும்.

ரோட்டாரைச் சுற்றவிடாமல் பூட்டும் லாக் பின் முழுசாக இறங்கியதை உன் கண்ணால் பார்க்காமல் ஹப்புக்குள் காலை வைக்காதே. பிரேக் போட்டிருக்கு என்று எவன் சொன்னாலும் சரி. மேலே இருக்கும்போது தூரத்தில் இடி கேட்டால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு இறங்கிவிடு. பேட்டரி ரீடிங்கை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா