கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள குடியாத்தம் தாத்தாவுக்கும், டெய்லர் மாஸ்டருக்கும், பேக்கரி அண்ணனுக்கும், ஆம்பூர் அம்மாவுக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், எங்கள் செட்டுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் கடைசி வருஷ மாணவிகளின் ஃபேஷன் ஷோ நடந்தது. நான் செய்த எட்டு உடைகளும் மேடையேறின. நிகழ்ச்சித் தாளில் 'வடிவமைப்பு' என்று போட்டு என் பெயரை மட்டும் அச்சடித்திருந்தார்கள். அது கல்லூரி வழக்கம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எட்டில் யாருடைய கை எங்கே பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை ஊரறியச் சொல்லாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை.

தாத்தா, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கைலித் துணியில்தான் எல்லாமே செய்வேன் என்று நான் சொன்னபோது வகுப்பில் பலரும் யோசித்தார்கள். பட்டு எடு, லினன் எடு என்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அப்பா, மாமா, பெரியப்பா என்று எல்லார் இடுப்பிலும் இருக்கிற துணி, கல்யாண வரவேற்புக்கு ஒரு பொண்ணு போட்டுக்கொண்டு போகிற கவுனாகவும் ஆகும் என்று நான் உறுதியாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் கைலி இரண்டு மீட்டர்த் துண்டாகத்தான் கடைக்கு வரும். அதில் தரை வரைக்கும் இறங்கும் கவுன் வெட்ட முடியாது. தையலில் கட்டம் சேர வேண்டுமென்றால் சாதாரணத் துணியை விட இன்னும் கூடுதலாக வேண்டும். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நீங்கள் தறியில் நீளவாட்டில் ஏற்றியிருந்த பாவு நூலைக் காட்டி, "துண்டு பிரிக்காம ஒரே போக்கா ஓட்டிடறேன், எவ்ளோ வேணும்னு மட்டும் சொல்லும்மா" என்றீர்கள். வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு அது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எனக்காக நெய்தீர்கள்.

குழித்தறி ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் கால் மிதியையும் நாடா ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய. "நனைச்சு, நிழல்ல காய வெச்சு, அப்புறம் கத்தரியை எடு. கஞ்சி போனாத்தான் துணி தன் அளவுக்கு வரும்" என்று நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். ஒரு உடை கூடப் பிறகு சுருங்கவில்லை.

மாஸ்டர், சத்துவாச்சாரியில் உங்கள் கடை எவ்வளவு சின்னது என்று உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, அவ்வளவுதான் இடம். அதில் ஒரு மிஷினை ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். பேட்டர்ன் போடுவதும் டார்ட் கணக்கும் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். கைத்தறிக் கட்டத்தைத் தையலில் சேர்ப்பது உங்களிடம்தான் வந்தது. மில் துணியில் கட்டம் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும். கைத்தறியில் நெசவாளர் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, அடிக்கிற அடியில் நூலளவு வித்தியாசம் வரும், ஒரு கட்டம் கொஞ்சம் நெருங்கியிருக்கும், அடுத்தது கொஞ்சம் விரிந்திருக்கும். மேலே சேர்த்துப் பிடித்தால் இடுப்புக்கு வரும்போது கோடு விலகிப் போயிருக்கும். நீங்கள் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டச் சொன்னீர்கள். வெட்டியதைத் துணிமேலேயே போட்டு, கோட்டின்மேல் கோடு விழுகிற இடமாகப் பார்த்து மறுபக்கத்தை வெட்டச் சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குண்டூசி. அதன்மேல் கையால் ஓட்டுத் தையல். விரிந்த கட்டம் வருகிற இடத்தில் அந்தப் பக்கத்துத் துணியைக் கீழே வைத்து, மிஷின் பல் அதைத் தானாக இழுத்துக்கொள்ள விட வேண்டும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. "கைத்தறி ஒண்ணு போல ஒண்ணு இருக்காதும்மா, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே, நான் தைத்த ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள். நீங்கள் தலையாட்டினால்தான் அடுத்த தையல். சிவப்புக் கட்டம் போட்ட கவுன் மேடையில் திரும்பியபோது விலாத் தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று நடுவராக வந்த அம்மா சொன்னார். அந்தப் பாராட்டு உங்களுடையது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில், கேக். முதல் வருஷத்திலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்று, அந்தக் காசைத் தனி டப்பாவில் போட்டு வைத்துத்தான் துணி, நூல், லைனிங், ஜிப் எல்லாம் வாங்கினேன். எதிர்வீட்டு அக்கா, உங்கள் ஓவன் இல்லாவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. "கரண்ட் பில் பத்திப் பேசினா கதவைத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிட்டீர்கள். விடிகாலை நாலு மணிக்கு நான் மாவுப் பாத்திரத்தோடு வந்து நிற்பேன், நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு சாவியைக் கொடுப்பீர்கள். வேலூர் வெயிலில் வேறு நேரத்தில் ஐசிங் வேலை செய்ய முடியாது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வெண்ணெய் 35 டிகிரி வருவதற்குள்ளேயே இளகிவிடும்.

அந்த வெயில்தான் என்னைக் கேழ்வரகுக் கேக்கிற்குக் கொண்டுபோனது. ஐசிங்கே வேண்டாம், நம்ம பக்கத்து வேர்க்கடலையும் வெல்லமும் போட்டால் என்ன என்று பேக்கரி அண்ணனிடம் போய்க் கேட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மைதாவில் இருக்கிற இழுவை கேழ்வரகில் கிடையாது, அதை மட்டும் போட்டால் கேக் உதிர்ந்துவிடும், அதனால் பாதிக்குப் பாதி. கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்தால் பச்சை வாடை போகும். முட்டை சேர்க்காதவர்களுக்குத் தயிரும் சமையல் சோடாவும் போதும். அவருடைய பேக்கரியில் இன்னும் விறகு அடுப்புதான். ஒரு பிடி மைதாவை அடுப்புத் தரையில் வீசி, அது எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். பன் வெந்து எடுத்த பிறகு அடுப்பில் ஒரு மிச்சச் சூடு இருக்கும். கேக்கிற்கு அதுதான் சரியான பதம். பெரிய ஆர்டர் வரும்போதெல்லாம் அந்த மிச்சச் சூட்டில் என் தட்டுகளை வைக்க விட்டார். ஒரு தடவை ஒரு விழாவுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், எல்லாம் வெந்து இறங்கிய பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பணமும் இல்லை. அண்ணன் அத்தனையையும் துண்டு போட்டுத் தன் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். சாயங்கால டீக்கு வந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் ஏழு மணிக்குள் காலி செய்துவிட்டார்கள். காசை எண்ணி என் கையில் கொடுத்தபோது தன் கமிஷன் என்று ஒரு ரூபாய் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆம்பூர் அம்மா, நீங்கள் என் தோழியின் அம்மா. ஆனால் தோலைத் தைப்பதில் என் ஆசிரியை. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரலோடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வையும் எனக்காகக் கொடுத்தீர்கள். தோலில் குண்டூசி குத்தக் கூடாது, குத்தின ஓட்டை மூடாது, கிளிப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தையலைப் பொடிப்பொடியாகப் போட்டால் அந்தக் கோட்டிலேயே தோல் கிழிந்துவிடும், நீளத் தையல்தான் தாங்கும். கைலிச் சட்டையின் பாக்கெட் ஓரத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் போட்ட அந்தப் பழுப்புத் தோல் நீங்கள் பொறுக்கிக் கொடுத்த துண்டுகள்.

ஆடை வரலாறு எடுத்த மேடத்துக்கும் ஒரு வார்த்தை. வகுப்பறையை விட்டு எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போய், அகழிக் கரையில் உட்கார வைத்து, 1806 ஜூலை 10-இல் அங்கே நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைச் சொன்னீர்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறி கூடாது, தாடியை மழி என்று வந்த உத்தரவுகள் சிப்பாய்களை எப்படிக் கொதிக்க வைத்தன என்று கேட்டுவிட்டு எழுந்தபோது, என் படிப்பைப் பற்றி எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது. "தைக்கக் கத்துக்க எதுக்கும்மா காலேஜு" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இப்போது என்னிடம் நிதானமான பதில் இருக்கிறது.

இனி எங்கள் செட்டுக்கு. ஹாஸ்டல் வழக்கப்படி ஊர்ப் பேரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம்: ஆரணி, ஆம்பூர், அரக்கோணம், குடியாத்தம். இன்றைக்கு அவை நான்கும் நான்கு மாவட்டத்தில் இருக்கின்றன. 1989-க்கு முன்னால் எல்லாமே வடாற்காடுதான். என் பாட்டி இன்னும் அப்படித்தான் சொல்கிறார். நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட உட்காரும்போது எனக்கும் அந்தப் பழைய பேர்தான் பொருத்தமாகத் தெரியும்.

நம்முடைய பண்டிகைகளை நினைத்தால் எல்லாவற்றிலும் ஒரு தையல் வேலை இருக்கிறது, ஒரு அடுப்பு வேலை இருக்கிறது. ரம்ஜானுக்கு முந்தின ராத்திரி ஆம்பூரில் பிறை தெரிந்ததும் தெருவே விழித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் புதுத்துணிக்கு ஓரம் மடித்து, பட்டன் வைத்து விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் அம்மா கையால் பரிமாறியபோது தூக்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் போனோம். அந்தக் கூட்டத்தில் ஆரணி என் கையை விடவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அரக்கோணத்தின் வீட்டில் பிளம் கேக்கிற்குப் பழம் ஊறப்போட்ட ஜாடியை அவள் பாட்டி என்னை நம்பிக் கிளறவிட்டார். அது எனக்குப் பெரிய மரியாதை.

ஷோவுக்கு முந்தின ராத்திரி கரண்ட் போனது. மோட்டார் மிஷின் நின்றுவிட்டது, இரண்டு உடைக்குக் கீழ் மடிப்பு பாக்கி, ஒரு சட்டைக்குக் காஜா பாக்கி. மாஸ்டர் உள்ளறையிலிருந்து தன் பழைய கால் மிஷினை இழுத்துப் போட்டார். ஆம்பூர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். குடியாத்தம் மடித்துக் கொடுத்தாள், நான் மிதித்தேன். ஆரணி பட்டுநூல் குடும்பத்துப் பொண்ணு, ஒரு பிசிறு இல்லாமல் கையாலேயே அத்தனை காஜாவையும் எடுத்தாள். அரக்கோணம் எல்லாருக்கும் டீ வாங்கி வந்து, நூல் வால்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். விடிந்ததும் தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன் கரிப்பெட்டியில் நெருப்புப் போட்டு, மற்றவர்கள் மூட்டையை ஒதுக்கிவிட்டு என் எட்டு உடைகளையும் முதலில் தேய்த்தார். "மேடையில போறது, மடிப்புத் தெரியக்கூடாது" என்றார். கூலி வாங்க மறுத்தார். அண்ணே, உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட அன்றைக்கு நேரமில்லை. இந்த மடலை நானே உங்கள் வண்டிக்கு வந்து படித்துக் காட்டுகிறேன்.

செட்டு, அந்த உடைகளைப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்ததும் நீங்கள் நால்வர்தான். தொழில் முறை மாடல் யாரையும் நான் தேடவில்லை. உங்கள் உடம்பின் அளவுக்கு வெட்டியது, உங்கள் நடைக்கு விழுந்தது. யார் யார் எதைப் போட்டீர்களோ அது அவரவருக்கே. திருப்பிக் கொடுக்க வந்தால் வாங்க மாட்டேன். தோல் பட்டை வைத்த சட்டை மட்டும் ஆம்பூர் அம்மாவுக்கு, கைநீளம் மாற்றி வைத்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. மாஸ்டர், அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டுவிடுங்கள். பேக்கரி அண்ணன் அண்ணியோடு வர வேண்டும். கேழ்வரகுக் கேக் அக்கா வீட்டு ஓவனில் வேகும், சாவி வாங்க நாலு மணிக்கே வருவேன்.

தாத்தா, அடுத்த பாவு ஏற்றும்போது ஆளனுப்புங்கள். பச்சையில் வெள்ளைக் கட்டம் வேண்டும், சின்னக் கட்டமாக. முதல் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, கல்யாண வரவேற்புக்கு. இந்தத் தடவை வியாபாரி கொடுக்கிற விலையை விடக் கூட்டித்தான் கொடுப்பேன், வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் பொண்ணு,
சத்துவாச்சாரி, வேலூர்